கம்மாயில வெறுங்கையால மீன் பிடிக்கிறது எப்படி

கோடையில கம்மாய்த் தண்ணி முழங்கால், தொடை அளவுக்கு வத்திருச்சுன்னா வலையும் வேணாம் தூண்டிலும் வேணாம், ரெண்டு கை இருந்தா போதும். மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி, நத்தம் பக்கமெல்லாம் அறுப்பு முடிஞ்சு தண்ணி இறங்கினதும் பங்குனியில இருந்து வைகாசி வரைக்கும் ஊர் ஊருக்கு மீன்பிடித் திருவிழா நடக்கும், அழிகண்மாய்னும் சொல்லுவாங்க. முன்னாடியே சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சேதி போயிரும், விடியக்காலையில கரையில ஜனம் குமிஞ்சு நிக்கும், ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசினதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல உள்ள இறங்கும். ஊத்தா, கச்சா, தூரி, பறின்னு மீன் பிடிக்கிற கூடையோ வலையோ ஆளுக்கு ஒண்ணு வச்சிருப்பாங்க, அதுக்கு நடுவுல எதுவுமே இல்லாம வெறுங்கையோட வந்து சாக்கு நிறைய அள்ளிட்டுப் போறவங்களும் இருப்பாங்க. அவங்க எப்படி பிடிக்கிறாங்கங்கறதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். உங்க ஊர் கம்மாயா இருந்தாலும் சும்மா இறங்கிராதீங்க. நிறைய கம்மாய்ல மீன்பாசிய, அதாவது மீன் பிடிக்கிற உரிமைய, குத்தகைக்கு விட்டிருப்பாங்க, அதுல குத்தகைக்காரர் காசு போட்டு கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டு வளத்திருப்பாரு, அதப் போய் நாம பிடிச்சா அது திருட்டு. ஊர்ல கம்மாய அழிக்கிற, அதாவது எல்லாருக்கும் திறந்து விடுற அன்னைக்கு இறங்குங்க, இல்ல ஊர்ல கேட்டுட்டு இறங்குங்க. அழிகண்மாய்க்கு யார் வேணா வரலாம், வெளியூர்க்காரன், வேற சாதிக்காரன், வேற மதத்துக்காரன்னு பாக்க மாட்டாங்க, ஆனா பிடிச்ச மீன விக்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் சமைச்சு சாப்பிடணும்ங்கறது பல ஊர்ல கட்டுப்பாடு. அப்படி எல்லா வீட்லயும் மீன் குழம்பு கொதிச்சாத்தான் அடுத்த வருசம் மழை நல்லா பெய்யும்னு ஒரு நம்பிக்கை, எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

இறங்கும்போது கையில இருக்கிற மோதிரம், வாட்ச், கயிறு எல்லாத்தையும் கழட்டிருங்க, சேத்துக்குள்ள போனா கிடைக்காது, அதவிட முக்கியமா மீனோட முள்ளு அதுல மாட்டி இழுத்துரும். டவுசர் போட்டுக்கலாம், வேட்டின்னா தார்ப்பாய்ச்சி கட்டிக்கங்க, லுங்கிய அவுத்து விட்டுக்கிட்டு இறங்கினா அது காலச் சுத்திக்கும். இடுப்புல ஒரு உரச்சாக்கையோ நைலான் வலைப்பையையோ இறுக்கிக் கட்டிக்கங்க, வாய் சுருக்குப் போட்டு மூடுற மாதிரி இருக்கணும், விரால் சாக்குக்குள்ள இருந்தும் துள்ளி வெளிய போயிரும். தோள்ல ஒரு பழைய துண்டு கண்டிப்பா இருக்கட்டும், எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

டைம் ரொம்ப முக்கியம். விடியக்காலையில தண்ணியில ஆக்சிஜன் குறைவா இருக்கும், ராத்திரி பூரா பாசியும் செடியும் மீனும் எல்லாம் சேர்ந்து இழுத்துரும்ல, அதனால வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மீன் கொஞ்சம் சோர்ந்து மேலாகவே நிக்கும். இதுல கூட்டமா இறங்கி சேத்தக் கலக்கிட்டா இன்னும் மூச்சு முட்டும். யார் யார் எப்ப மேல வருவாங்கங்கறதுக்கு ஒரு வரிசையே இருக்கு, அதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா எந்த நேரத்துல எதத் தேடணும்னு குழப்பமே வராது. கட்லா, ரோகு, மிர்கால், கெண்டை இதெல்லாம் செவுளால மட்டும் மூச்சு விடுற ஜாதி, கலக்கினதும் இதுங்கதான் முதல்ல வாயப் பொளந்துக்கிட்டு மேல வரும். அடுத்து ஜிலேபி மீன் (திலாப்பியா), அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். விரால், குறவை, தேளி எல்லாம் மேல வந்து நேரடியா காத்தக் குடிக்கிற மீனு, தண்ணி எவ்வளவு கலங்கினாலும் அதுங்களுக்குக் கவலையில்ல, அடியில சேத்துக்குள்ள போய் படுத்துரும். கூட்டம் கலைஞ்சு முக்காவாசிப் பேரு கரையேறின பிறகுதான் விராலோட நேரமே ஆரம்பிக்கும். ஊத்தாக்காரங்க போயாச்சுன்னு நீங்களும் கிளம்பிராதீங்க.

இப்ப கை வேலைக்கு வருவோம். நல்லா குனிஞ்சு, முடிஞ்சா மண்டி போட்டு, ரெண்டு உள்ளங்கையும் ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி விரல விரிச்சு அடித்தரைய ஒட்டி வச்சுக்கங்க. தரைக்கும் கைக்கும் நடுவுல இடைவெளி இருந்தா மீன் அது வழியாத்தான் போகும். அப்படியே தடவிக்கிட்டே மெதுவா, ரொம்ப மெதுவா முன்னாடி நகருங்க, காலத் தூக்கித் தூக்கி வைக்காம சேத்துலயே இழுத்து இழுத்து வைங்க. மீனுக்கு உடம்போட ரெண்டு பக்கமும் செவுள்ல இருந்து வால் வரைக்கும் ஒரு கோடு ஓடும் பாருங்க, அது வழியாத்தான் தண்ணியில வர்ற அசைவ உணரும், கலங்கின தண்ணியில கண்ணு தெரியாதபோதும் நீங்க தொபுக்குன்னு கைய விட்டா அதுக்குத் தெரிஞ்சுரும்.

கையில மீன் பட்ட அந்த நொடியில புதுசா பிடிக்கிறவங்க எல்லாரும் பண்றது கப்புன்னு இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கின அடுத்த நொடி அது வழுக்கிட்டு விரலிடுக்குல போயிரும். பட்டதும் கைய அப்படியே நிறுத்துங்க. மெதுவா தொட்டுக்கிட்டே இருந்தா மீன் உடனே ஓடாது. எந்தப் பக்கம் தல, எந்தப் பக்கம் வாலுன்னு நுனி விரலாலயே தடவிப் பாருங்க, வால்ல இருந்து தலைப்பக்கமா தடவினா செதில் சொரசொரன்னு எதிர்த்து நிக்கும், தலையில இருந்து வாலுக்கு வந்தா வழவழன்னு போகும். தலப் பக்கம் தெரிஞ்சதும் ஒரு கை தலைக்குப் பின்னாடி செவுள் மூடிக்கிட்ட, இன்னொரு கை வால்மூட்டுக்கிட்ட கொண்டுபோயி, ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல கீழ தரையோட சேத்து அமுக்குங்க. மேல தூக்கக்கூடாது, அமுக்கணும். கம்மாய்ச் சேறுதான் உங்களுக்கு மூணாவது கை, மீன் அதுல புதைஞ்சு நிக்கும்போது கட்டைவிரல செவுளுக்குள்ள கொடுத்து க்ரிப் வாங்கிட்டீங்கன்னா அதுக்கப்புறம் அது எங்கயும் போகாது. நெஞ்சோட அணைச்சுத் தூக்கி நேரா சாக்குக்குள்ள விடுங்க, பக்கத்துல இருக்கவருக்குக் காட்டலாம்னு ஒத்தக் கையில தூக்குறப்பத்தான் பாதி மீன் தப்பிக்குது.

கால்ல மீன் படும், அதையும் விட்டுராதீங்க. பாதத்துக்கு அடியில ஏதோ நெளியிற மாதிரி இருந்தா காலை எடுக்காம, எடையக் கூட்டாம, அப்படியே நிப்பாட்டி, ரெண்டு கையையும் கெண்டைக்கால் வழியாவே வழிச்சுக்கிட்டு கீழ போங்க. கால் நிக்கிற இடம் உங்களுக்குத் துல்லியமா தெரியும்ங்கறதால கை தேட வேண்டிய வேலையே இல்ல.

விரால் பத்தி தனியா சொல்லணும், அதுக்காகத்தான் நிறைய பேரு இறங்குறதே. விரால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவ மேல வந்து காத்து வாங்கியே ஆகணும், வந்துட்டுப் போறப்ப ஒரு சின்ன சத்தம் கேக்கும், ஒரு சுழி விழும். அந்த இடத்தக் குறி வச்சுக்கிட்டு அசையாம நில்லுங்க, பெரும்பாலும் அந்தச் சுத்துலயேதான் மறுபடி வரும். ரெண்டாவது தடவ வந்துட்டு கீழ போனதும் மெதுவா கிட்ட போய் தடவுங்க. உருண்டையா, முன்னங்கை கனத்துல, அசையாம கிடந்தா அது விரால். தொட்டாலும் கொஞ்ச நேரம் கட்டை மாதிரி கிடக்கும், அத நம்பி அசட்டையா இருந்தா பொசுக்குன்னு பாயும், அந்தப் பாய்ச்சலுக்கு பெரிய ஆளு கையே தாங்காது. அதனால விராலுக்கு தல மட்டும்தான் குறி, தலைக்கு நேர் பின்னாடி ரெண்டு கையாலயும் சேத்துல அமுக்கி, தோள்ல கிடக்கிற துண்ட எடுத்து அது மேல போட்டு துண்டோட சேத்து பிடிங்க. அதோட உடம்புல இருக்கிற கொழகொழப்புக்கு வெறும் விரல் நிக்காது, துணி நிக்கும். தண்ணி முழுசா வத்தி சேறு மட்டும் இருக்கிற இடத்துல சின்னதா ஒரு ஓட்டையும் அதுல கொஞ்சம் தண்ணியும் தெரியும், அப்பப்ப கொப்புளம் வரும், அதுக்குக் கீழ விரால் படுத்திருக்கும், ஈரம் இருக்கிற வரைக்கும் நாள் கணக்கா அப்படியே உயிரோட கிடக்கும். சுத்தி இருக்கிற சேத்த ரெண்டு பக்கமும் தள்ளி அகலமாக்கிட்டு பாத்து எடுங்க.

இன்னொண்ணு, மழை சீசன்ல தண்ணி மேல செக்கச்செவேல்னு பொடி மீன் கூட்டமா திரியிறதப் பாத்தீங்கன்னா அது விரால் குஞ்சு, அடியில ஆயி அப்பன் காவல் நிக்கும். காவலுக்கு நிக்கிற விரால் அந்த இடத்த விட்டு நகராது, பிடிக்கிறது ரொம்ப ஈஸி, அந்த ஒரு காரணத்துக்காகவே அதப் பிடிக்கக்கூடாது. பெரிசு ரெண்டையும் எடுத்துட்டா மொத்தக் குஞ்சையும் மத்த மீனும் கொக்கும் தின்னுரும்.

ஜிலேபிக்கு வேற டெக்னிக். கரையோரமா ஆழம் குறைஞ்ச இடத்துல தரையில தட்டு மாதிரி வட்டமா குழி குழியா இருக்கும், ஆண் ஜிலேபி வாயாலயே மண்ணக் கவ்வி எடுத்து நோண்டி வச்சிருக்கும். வெரட்டினாலும் கொஞ்ச நேரத்துல அதே குழிக்குத் திரும்பி வரும். குழி ஓரத்துல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு அப்படியே காத்திருங்க, வந்து நின்னதும் ரெண்டு பக்கமும் மூடுங்க. முதுகுல முள்ளு வரிசையா நிக்கும், அதனால தலையில இருந்து வால் பக்கமா வழிச்சு முள்ளப் படுக்க வச்சுத்தான் பிடிக்கணும். இது நம்ம ஊரு மீன் இல்ல, 1952ல இந்தியாவுக்குள்ள கொண்டு வந்து விட்டாங்க, இப்ப பாக்கிற கம்மாய் எல்லாம் நிறைஞ்சு போய் கெண்டை, குறவை இருந்த இடத்தையெல்லாம் பிடிச்சுக்கிச்சு, அதனால ஜிலேபிய மட்டும் எவ்வளவு கிடைச்சாலும் தாராளமா எடுங்க, பொடிசு பெரிசு பாக்க வேணாம்.

செதிலே இல்லாம வழுவழுன்னு ஏதாவது கையில பட்டா உடனே நிறுத்துங்க. கெளுத்தியா இருக்கலாம், தேளியா இருக்கலாம். கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, செவுளுக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு முள்ளு இருக்கும், பயந்தா மூணையும் விறைச்சு பூட்டிக்கும், அமுக்கினா நேரா உள்ளங்கையில ஏறும். அத எப்படி பிடிக்கணும்னா, தலைக்கு மேல இருந்து கைய இறக்கி முதுகு முள்ளு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல வர்ற மாதிரி வச்சு, பக்கவாட்டு முள்ளு ரெண்டுக்கும் பின்னாடி ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் மத்த விரலும் அண்டக் கொடுக்கணும், அப்ப முள்ளு மூணும் உங்க உள்ளங்கைக்கு வெளிய நிக்கும், குத்தாது. கண்ணுக்குத் தெரியாத தண்ணிக்குள்ள இத முயற்சி பண்ணாதீங்க, பழகினவங்களே பண்ண மாட்டாங்க. காலால தள்ளி கரைக்கு ஒதுக்கிட்டுத் துண்டப் போட்டு எடுங்க. தேளி முள்ளுல விஷம் உண்டு, குத்தினா கை பூரா கடுகடுன்னு கடுக்கும். குத்திருச்சுன்னா சுத்தமான தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு, முள்ளு உள்ள நிக்குதான்னு பாத்து, கை பொறுக்கிற சூட்டுல வெந்நியில முக்கி வைங்க, வலி குறையும். கொதிக்கிற தண்ணியில வச்சு வெந்து போயிராதீங்க. வலி விட்டுருச்சுன்னு சும்மா இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயி டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கங்க, கம்மாய்ச் சேறு பட்ட காயம் சீழ் பிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

எத மறந்தாலும் இத மட்டும் மறக்காதீங்க. ஒரு மீன் கையில இருக்கு, இன்னொண்ணு தட்டுப்படுதுன்னா முதல் மீன வாயில கவ்விக்கிட்டு அடுத்ததப் பிடிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. அதப் பண்ணவே பண்ணாதீங்க. 2025ல மதுராந்தகம் பக்கத்துல ஏரியில இப்படி பனங்கொட்டை மீன வாயில வச்சவருக்கு அது தொண்டைக்குள்ள இறங்கி மூச்சு அடைச்சு உயிரே போயிருச்சு. பனங்கொட்டை, பனையேறிக் கெண்டைன்னு சொல்ற இந்த மீனுக்கு செவுள் மூடியிலயும் முதுகுலயும் பின்னாடி பாத்த மாதிரி முள்ளு இருக்கும், உள்ள போகும், வெளிய வராது, இழுக்க இழுக்க தொண்டைய கிழிச்சுக்கிட்டு நிக்கும். அந்த முள்ளக் குத்திக் குத்தித்தான் அது தரையிலயே நகர்ந்து போகும். தரங்கம்பாடியில 1791ல ஒரு டேனிஷ் அதிகாரி இத பனை மரத்துல ஏறி இருக்கக் கண்டதா எழுதி வச்சிருக்காரு, அந்த அளவுக்குப் பிடிமானம் உள்ள முள்ளு. இடுப்புல சாக்கு இருக்கும்போது வாய் எதுக்கு. சின்னப் பசங்க உங்களப் பாத்துத்தான் கத்துக்குவாங்க.

கம்மாய் இல்லாத ஊர்க்காரங்களுக்கு வாய்க்கால் இருக்கு. டெல்டா பக்கம் பசங்க பண்றது இது: தண்ணி நின்னு போன வாய்க்கால்ல ஒரு சின்ன நீளத்துக்கு ரெண்டு பக்கமும் சேத்த அள்ளி அணை போட்டு, நடுவுல இருக்கிற தண்ணிய வாளியால, சட்டியால இறைச்சு வெளிய ஊத்துவாங்க. கணுக்கால் அளவுக்கு வந்ததும் மீனெல்லாம் பளபளன்னு முதுகு தெரிய ஓடும், பொறுக்கி எடுக்கிறதுதான் வேலை. ஆளு கம்மியா இருந்தா சின்ன இடமா பாத்து மறிங்க, பெருசா மறிச்சு இறைச்சு முடிக்கிறதுக்குள்ள அணை ஒடைஞ்சுரும். ஆகாயத்தாமரை கிடக்கிற குளம்னா இன்னும் சுலபம், ரெண்டு கையையும் கொத்துக்கு அடியில நல்லா ஆழமா கொடுத்து வேரோட அப்படியே அள்ளி கரையில எறிங்க, வேருக்குள்ள குறவை, பொடிக்கெண்டை, இறால் ஒட்டிக்கிட்டு வரும். இறால்னதும் பிச்சாவரம், கிள்ளை பக்கத்து இருளர் மக்கள் ஞாபகத்துக்கு வருவாங்க. கழிமுகத்துத் தண்ணியில உட்கார்ந்த வாக்குலயே நகர்ந்து நகர்ந்து, ரெண்டு கையாலயும் சேத்தத் தடவி இறால எடுத்து பறியில போட்டுக்கிட்டே போவாங்க. அவங்க கை வேகத்தப் பாத்தா நான் இங்க எழுதினது எல்லாம் ஆரம்பப் பாடம்தான்னு தெரியும்.

கம்மாய்ல மீன விட பெரிய ஆபத்து பள்ளம். ஜேசிபி வச்சு மண்ணு அள்ளின குழி முழங்கால் தண்ணிக்கு நடுவுல திடீர்னு ரெண்டாள் ஆழத்துக்கு இருக்கும், கலங்கின தண்ணியில தெரியவே தெரியாது. உள்ளூர்க்காரங்ககிட்ட குழி எங்க இருக்குன்னு கேட்டுட்டு இறங்குங்க, நீச்சல் தெரியாதவங்களும் பிள்ளைங்களும் கரையோரத்த விட்டுப் போகக்கூடாது. மடைக்கிட்டயும் போகாதீங்க. சீமைக்கருவேல முள்ளும் உடைஞ்ச பாட்டிலும் சேத்துக்குள்ள கிடக்கும், கால இழுத்து இழுத்து வைக்கச் சொன்னேன்ல, அதுக்கு இதுவும் ஒரு காரணம், தூக்கி மிதிச்சா முழு எடையும் அது மேல இறங்கும். கையிலயோ கால்லயோ ஆறாத புண்ணு இருந்தா அன்னைக்கு கரையிலயே நில்லுங்க, தேங்கின தண்ணியில எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு. கரையில இருக்கிற பொந்துக்குள்ள கைய விடவே கூடாது, நண்டும் இருக்கும் பாம்பும் இருக்கும். தண்ணிக்குள்ள நீளமா ஒல்லியா நெளிஞ்சா அது ஆரால் மீனா பாம்பான்னு ஆராய்ச்சி பண்ணாம கைய விட்டுருங்க. தண்ணிப்பாம்புக்கு விஷம் இல்லதான், ஆனா நல்லா கடிக்கும், அதோட கடிச்சது தண்ணிப்பாம்புதான்னு கலங்கின தண்ணியில எப்படி சொல்ல முடியும்.

கரண்ட் வச்சு பிடிக்கிறவங்கள, மருந்து கலக்குறவங்கள, வெடி போடுறவங்கள கண்டா எனக்கு ஆத்திரமா வரும். வெடியும் விஷமும் 1897லயே மீன்வளச் சட்டத்துல தடை பண்ணினது, கரண்ட்ல ஆளே செத்துப் போறாங்க, அதோட பொடிசு, முட்டை, தவளைன்னு ஒண்ணு விடாம அழிஞ்சுரும். கையால பிடிக்கிறப்ப வயிறு உப்பி முட்டையோட இருக்கிறத தொட்டதுமே தெரியும், அத அப்பவே விட்டுரலாம். கம்மாய் முழுசா வத்தப் போகுதுன்னா, கடைசியா தண்ணி நிக்கிற ஆழமான குழியில கொஞ்சம் விரால் குஞ்சையும் குறவையையும் கொண்டுபோய் விட்டு வைங்க, ஐப்பசியில புதுத் தண்ணி வரும்போது வெதை இருக்கணும்ல.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் உடனே அறுக்காதீங்க. விரால், கெளுத்தி, குறவை எல்லாம் உயிரோட இருந்தா ஒரு பெரிய அண்டாவுல நல்ல தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி விட்டு வைங்க, மேல தட்டு போட்டு கல்லு வச்சு மூடணும், இல்லன்னா காலையில அடுப்படியில கிடக்கும். சேத்து வாடை போயிரும். அறுக்கிறப்ப கல்லுப்பும் சாம்பலும் போட்டு தேய்ச்சா கொழகொழப்பு கழண்டுரும், கெளுத்திய சொரசொரப்பான கல்லுல உரசி எடுக்கணும், முள்ளு மூணையும் முதல்லயே வெட்டிருங்க. அயிரைங்கிற பொடி மீன் கிடைச்சிருந்தா அதிர்ஷ்டம், அத அறுக்க முடியாது, உயிரோட தேங்காய்ப் பால்ல கொஞ்ச நேரம் விட்டா அதுவே மண்ணக் கக்கிரும், அப்புறம் உப்புப் போட்டு மண்சட்டியில அலசிட்டு நேரா கொதிக்கிற புளிக்குழம்புல போட வேண்டியதுதான்.